குமுதவல்லி அம்மாளின் குரலுக்கு ஏற்ற பெட்டி

கும்பகோணம் சாரங்கபாணி அவர்கள், வயது அறுபத்தெட்டு, தொழில் ஒலிப்பதிவு, வாசம் சென்னை சாலிகிராமத்தில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளம். கண்ணில் சாளேசுரம் விழுந்த பிறகும் காதில் தூசி விழாதவர் என்று வடபழனி முதல் விருகம்பாக்கம் வரை பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் தம் வீட்டு ஸ்டூடியோவில் தம் மனைவியின் குரலுக்கு எந்த ப்ரீஆம்ப் பொருந்தும் என்ற ஒரு சிறு கேள்விக்கு விடை காண முடியாமல் ஒரு கோடைகாலம் முழுவதையும் அதற்கடுத்த ஆடிக் காற்றையும் செலவழித்தார் என்றால், அந்தக் கேள்வி சிறியதன்று என்பதை அறிவுடையோர் அறிவர்.

மைக்கில் விழுகிற குரல் எறும்பின் நடையைவிட மெலிந்தது. அதை ஒலிபெருக்கி கேட்டு நடக்கும் அளவுக்குத் தூக்கி நிறுத்துகிற பெட்டிக்குத்தான் ப்ரீஆம்ப் என்று பெயர். தூக்குகிற பெட்டி சும்மா தூக்குவதில்லை. அதே புளி, அதே பருப்பு என்றாலும் கைக்குக் கை ரசம் வேறாவதைப் போல, ஒவ்வொரு பெட்டியும் தன் கைமணத்தைக் குரலில் கொஞ்சம் சேர்த்துத்தான் கொடுக்கும். இது சாலிகிராமத்தில் காய்கறி விற்பவருக்கும் தெரிந்த உண்மை.

அவருடைய மனைவி குமுதவல்லி அம்மாள், வந்தவாசிப் பக்கத்து ஊரொன்றிலிருந்து இளவயதில் பட்டணம் வந்து, திரையில் வாயசைக்கிற பெண்களுக்கெல்லாம் திரைக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்தவர். கதாநாயகி அழுதால் அழுதது அவர். மாமியார் சபித்தால் சபித்தது அவர். பொம்மைப் படத்து அணில் கொட்டாவி விட்டால் அதுவும் அவர். சாரங்கபாணி கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். ஹெட்போன் வழியாகவே பழகி, ஹெட்போன் வழியாகவே மனம் ஒத்து, ஒரு வைகாசியில் திருமணம் செய்துகொண்டார்கள். குரலை வைத்துப் பிழைக்கும் வீடுகளில் குரலுக்கு ஓய்வு என்றொரு நியதி உண்டு. தயிர் கூடாது, ஐஸ் கூடாது, வெட்டிப் பேச்சு கூடாது. குமுதவல்லி அம்மாள் அந்த நியதியைக் கற்புக்கு நிகராகக் காத்தார். டம்ளரை ஒரு தட்டு தட்டினால் காபி ஆயிற்று என்று பொருள். இரண்டு தட்டினால் ஆறுகிறது என்று பொருள். கதவுப் பக்கம் புருவம் போனால் யாரோ வந்திருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் பேசிய வாய் வீட்டுக்குள் வந்தால் விரதம் இருந்தது. இதனால் சாரங்கபாணி தம் மனைவியின் குரலை இடையில் ஒரு கம்பி இல்லாமல் கேட்டதே கிடையாது என்று சொல்லலாம். அது ஒரு குறை என்று இருவருக்குமே தோன்றவில்லை.

வயதான பின்பு, இரண்டாவது படுக்கையறையின் சுவர்களில் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைத் தொங்கவிட்டு, ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, அதையே ஸ்டூடியோவாக்கி, கைப்பேசியில் கேட்கும் கதைகளைத் தம்பதியர் பதிவு செய்து கொடுத்துவந்தார்கள். அவ்வாறு ஒரு சித்திரை மாதத்துக் காலையில், கதையில் வரும் ராணி தோழியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வியர்வையைத் துடைக்க ஹெட்போனைக் கழற்றிய சாரங்கபாணிக்கு அறை பாழுங்கிணறுபோல் அமைதியாக இருப்பது தெரிந்தது. எதிரே அம்மாளின் உதடுகள் அசைகின்றன, ஓசை இல்லை. ஹெட்போனை மாட்டினார், ராணி கணீரென்று பேசினாள். கழற்றினார், ஒன்றுமில்லை. எடுத்த அத்தியாயத்தைப் பாதியில் விடுவது தொழில் தருமம் ஆகாது என்பதால், அத்தியாயம் முடியும்வரை காத்திருந்துவிட்டு, அதன் பிறகே விஷயத்தை மனைவியிடம் சொன்னார். அம்மாள் வெந்நீரை ஒரு மிடறு குடித்து, வாய் திறந்து தம் பெயரைச் சொல்லிப் பார்த்து, பிறகு ஈரத்துணிகளைக் காயப்போடப் போய்விட்டார்.

தொண்டை மருத்துவர் டார்ச்சு அடித்துப் பார்த்தார். குரல்நாண்கள் மல்லிகை மொட்டுப் போல இருக்கின்றன, குரல் ஒழுங்காகத்தான் புறப்படுகிறது, காற்றுதான் அதை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறது, மைக்குக்கு அப்படியொரு ஆட்சேபம் இல்லை என்று விளக்கி, குளிர்ந்த நீரைத் தவிர்க்கும்படி எழுதிக் கொடுத்தார்.

சாலிகிராமத்துக்கு இது பெரிய செய்தியாகப் படவில்லை. தொண்டையே மூலதனமான பேட்டை அது. ஒரு பாடகருக்கு நிஷாத ஸ்வரம் மட்டும் காணாமற்போய் வேறொருவர் தொண்டையில் கண்டுபிடிக்கப்பட்டதும், வில்லன் நடிகர் வீட்டைக் காலி செய்த பின்னும் அவருடைய சிரிப்பு குளியலறையிலேயே தங்கிவிட்டதால் அடுத்துக் குடிவந்தவர்கள் அதற்கு முன்னால் குளிக்கக் கூசியதும் அங்கே நடந்தவைதாம். ஆகவே எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டே இதற்கும் இடம் ஒதுக்கினார்கள். சாரங்கபாணி பால்கனியில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஸ்பீக்கரைக் கட்டித் தொங்கவிட்டார். அம்மாள் உள்ளே மைக்கின் முன் அமர்ந்து பேச, பூக்காரி கன்னியம்மா கீழே நின்று ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்துப் பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். எரிவாயுச் சிலிண்டர் கொண்டுவருபவர் அந்த ஸ்பீக்கருக்கு வணக்கம் வைத்தார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியுமான நல்லதம்பி, மாடிப்படி வழியாகக் கம்பி இழுக்க அனுமதி தந்ததோடு, தண்ணீர் லாரி வந்ததும் அம்மாள் ஒரு அறிவிப்புச் செய்தால் எல்லாருக்கும் சௌகரியமாயிருக்கும் என்றும் கேட்டுக்கொண்டார்.

சங்கடம் பெட்டியில் தொடங்கியது. கைவசம் இருந்த ப்ரீஆம்ப் நாள் முழுவதும் உழைக்க மாட்டாமல் சூடேறிச் செத்தது. வடபழனியில் ஒலிச் சாமான்களை வாங்கி விற்கும் ராயப்பன், பழைய நண்பர் என்ற உரிமையில், கடையில் இருக்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கேட்டுப் பார்த்து, பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொன்னார். முதலில் வந்தது உள்ளே வால்வு எரிகிற பெட்டி. அதை மாட்டியதும், பல வருடம் ஓடிய ஒரு தொடரில் எல்லாத் துன்பத்தையும் பொறுத்துக்கொண்ட நல்ல மருமகளின் குரல் வந்தது. தெருவே நின்றது. கன்னியம்மா கேட்காமலே ஒரு முழம் கூடுதலாக அளந்து வைத்துவிட்டுப் போனாள். அடுத்து வந்தது கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பெட்டி. அதில் வந்ததோ பாலில் விஷம் கலந்த நாத்தனாரின் குரல். அன்றைக்குத் தண்ணீர் லாரி வந்ததென்று அம்மாள் அறிவித்தும் ஒருவரும் நம்பிக் குடத்தை எடுக்கவில்லை. மூன்றாவது, எதையும் கூட்டாது குறைக்காது என்று பெருமையாகச் சொல்லப்பட்ட புதிய பெட்டி. அதில் வந்த குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும் என்று தொலைபேசியில் சொல்லுமே, அந்தக் குரல். கேட்ட பிள்ளைகள் இருந்த இடத்திலேயே காத்திருந்தார்கள்.

சொற்கள் எப்போதும் அம்மாளுடையவை. குரல்தான் பெட்டிக்குப் பெட்டி வேறொருத்தியுடையதாக வந்தது. எது நல்ல பெட்டி என்று கேட்டால் சாரங்கபாணி கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். எது தம் மனைவி என்ற கேள்விக்குத்தான் அவர் காதில் விடை இல்லை. ஒரு மதியம் அந்த நாத்தனார் குரல் அவரைச் சாப்பிடக் கூப்பிட, உருட்டிய கவளம் வாய்வரை வந்து நின்றுவிட்டது. அன்றுதான் அவருக்குப் பயம் பிடித்தது. இத்தனை காலம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தது யாரோடு என்பதைத் தாம் அறியாமலே கண்ணை மூடிவிடுவோமோ என்ற பயம்.

அம்மாளிடமே கேட்டார். அவர் பழைய வசனத்தாளின் பின்புறத்தில், எனக்கு உள்ளே எப்பவும் ஒரே குரல்தான் கேக்குது, வெளியே எது வருதுன்னு நீங்கதான் சொல்லணும் என்று எழுதிக் காட்டினார். போரூரில் இருக்கும் மகள் பைரவியை வரவழைத்துக் கேட்டார். அவள் எல்லாப் பெட்டிகளையும் பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்குத் தெரியலப்பா," என்றாள். "ஸ்கூல் விட்டு வந்து டிவியப் போட்டா அம்மா குரல் வரும். எந்தப் பொம்பளைக்கு வந்தாலும் அது அம்மான்னு நெனச்சுப்பேன். வீட்ல என்கிட்ட தட்டுனதுதானே, பேசுனது எங்க?"

நல்லதம்பி இதைக் கேள்விப்பட்டு, தனிமனிதர் தலையில் இவ்வளவு பாரம் ஏறக் கூடாது என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் சங்கக் கூட்டத்தைக் கூட்டினார். பந்தற்காரரிடமிருந்து நாற்காலி வந்தது. பெட்டிகள் வரிசையாக வைக்கப்பட்டன. அம்மாள் மைக்கின் முன் அமர்ந்து ஒவ்வொரு பெட்டியிலும் எல்லாரும் சாப்பிட்டாச்சா என்ற ஒரே கேள்வியைக் கேட்டார். கைதூக்கச் சொன்னபோது நல்ல மருமகளுக்கே கைகள் எழுந்தன. யாராவது அம்மாள் சாதாரணமாகப் பேசிக் கேட்டிருந்தால் எழுந்து சொல்லலாம் என்று சாரங்கபாணி எல்லாரையும் பார்த்துக் கேட்டார். மாடிப்படியோரம் பூக்கூடையோடு நின்ற கன்னியம்மாவிடம் கடைசியாகக் கேள்வி போனது. அம்மா எப்பவும் விரலைக் காட்டித்தான் முழம் கேக்கும் என்றாள் அவள். கூட்டம் தேநீரோடு கலைந்தது.

அதற்குச் சில நாட்கள் கழித்து ராயப்பன் ஒரு பச்சைநிற இரும்புப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு மாடியேறி வந்தார். காது கேளாதோர் பள்ளி ஒன்றில், பிள்ளைகளுக்கு உச்சரிப்புச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பில் இருந்த ப்ரீஆம்ப். பள்ளி புதுச் சாமான் வாங்கியதும் கழித்துப் போட்டது. இதற்கு மேல் என்னிடம் பெட்டி இல்லை, இதுவும் பிடிக்கவில்லை என்றால் அம்மாவை நேராக மின்கம்பத்தில்தான் மாட்ட வேண்டும் என்று நண்பரைக் கேலி செய்துவிட்டு, கடையில் ஆள் இல்லையென்று இறங்கிப் போய்விட்டார். சாரங்கபாணி அதை மாட்டி, ஹெட்போனைக் காதில் வைத்து, ஒலியைக் கூட்டும் கெய்ன் குமிழை மெல்லத் திருகினார். முதலில் உமி கொட்டுவது போன்ற இரைச்சல். அதற்குள்ளிருந்து, சற்றே மூக்கில் ஏறிய, ஓரங்கள் தேய்ந்த, வயதான ஒரு குரல் வந்தது.

"இன்னா அப்டி பாக்கறீங்க? நாந்தான்."

அது எந்தப் படத்திலும் வந்ததில்லை. எந்தத் தொடரிலும் வந்ததில்லை. வந்தவாசிச் சந்தையில் எருமைக்கு விலை சொல்கிற குரல் அது. நாற்பது வருடக் காதைக் கொண்டு சாரங்கபாணி அதைக் கேட்டார். கேட்டவுடன் அவருக்குள்ளிருந்த ஒலிப்பதிவாளர், இரைச்சல் அதிகம், மேல் ஸ்தாயி இல்லை, பயன்படாது என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அந்தத் தீர்ப்பு வாய்க்கு வருமுன் முகத்துக்கு வந்துவிட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து அவர் முகத்தைப் படித்தே ஒரு டேக் தேறிற்றா இல்லையா என்று கண்டுகொண்டவர் அம்மாள்.

"புடிக்கல, இல்ல?" என்றது குரல்.

அப்படியில்லை, பெட்டியில் இரைச்சல் இருக்கிறது என்றார் சாரங்கபாணி. அம்மாள் தலையை ஆட்டினார். எழுந்து வந்து பச்சைப் பெட்டியின் சுவிட்சைத் தாமே அணைத்தார், மைக் கம்பியை உருவி வால்வுப் பெட்டியில் செருகினார், நாற்காலியில் திரும்பவும் போய் அமர்ந்து, நல்ல மருமகளின் தேன் குரலில், "காபி போடட்டுங்களா?" என்று கேட்டார்.

ஆனி முழுவதும் அந்தக் குரலே வீட்டை ஆண்டது. தெரு மகிழ்ந்தது. கல்யாணம் தட்டிப்போன பெண்கள் பால்கனியின் கீழ் வந்து ஆறுதல் வாங்கிப் போனார்கள். நல்லதம்பியின் மனைவி, பேச்சுவார்த்தை அறுந்த மகனைப் பற்றிச் சொல்லி அழ, மேலிருந்து பொழிந்த இரண்டு வார்த்தையில் மனம் தேறி, அன்று மாலையே மகனுக்குப் பலகாரம் கட்டி அனுப்பினார். சாரங்கபாணியும் மகிழ்ச்சியாயிருந்ததாகத்தான் தம்மிடமே சொல்லிக்கொண்டார். ஆடி பிறந்து காற்று கம்பளியை அசைத்த ஒரு பிற்பகலில், யாரோ ஒருத்திக்கு ஸ்பீக்கர் அமுதமாய் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் தற்செயலாகக் குரலை விட்டுவிட்டு அம்மாளின் முகத்தைப் பார்த்தார். மருத்துவமனை வராந்தாவில் தன் பெயரைக் கூப்பிட மாட்டார்களா என்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளின் முகம் அது. எத்தனை நாளாக அப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

வந்தவள் கிளம்பிப் போனதும், கட்டிலுக்கடியில் தள்ளியிருந்த பச்சைப் பெட்டியை அவர் இழுத்து, தூசி தட்டி, மாட்டினார். அம்மாள் ஏன் என்று கேட்பது போல் பார்த்தார். பேசு என்று கையைக் காட்டினார் இவர். முன்பு குமிழைக் கால்வாசி திருகிய இடத்தில் இப்போது இரைச்சல் மட்டுமே இருந்தது. பாதிக்கும் மேலே திருகிய பிறகே, தூரத்து வயலிலிருந்து கூப்பிடுவது போல அந்த வந்தவாசிக் குரல் கிடைத்தது. ராயப்பன் வந்து பெட்டியைப் பிரித்துப் பார்த்து, பழுது ஒன்றுமில்லை என்று கையை விரித்தார். மறுநாள் குமிழ் இன்னும் சற்றுத் தள்ளிப்போனது. வால்வுப் பெட்டியில் மருமகள் அன்றுபோல் இன்றும் கணீரென்றிருந்தாள், நாத்தனாருக்கும் குறைவில்லை, இரவல் குரல்கள் தேயவில்லை. தேய்ந்துகொண்டிருந்தது இது ஒன்றுதான், பேசினாலும் தேய்ந்தது, பேசாவிட்டாலும் தேய்ந்தது. ஆனி மாதத்தின் தேய்மானம் தம் கணக்கில்தான் விழும் என்று சாரங்கபாணிக்கு விளங்கியது.

அன்றே பால்கனி ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, இரண்டு ஹெட்போன்களை மாட்டி, ஒன்றை அம்மாளுக்குக் கொடுத்தார். இருவரும் எதிரெதிரே அமர்ந்தார்கள். தெருவுக்குக் கோபம் வந்தது. ஊர்ப் பொதுக் குழாயை ஒருவர் தம் வீட்டுக்குள் திருப்பிக்கொண்டது போல் பேசினார்கள். பூக்காரி அளவைப் பழையபடி இறுக்கினாள். நல்லதம்பியே ஏறிவந்து, "சார், மேடத்த நீங்க மட்டும் வச்சுக்கறது நியாயமா?" என்று கேட்டார்.

"இத்தனை வருஷம் நீங்கள்லாம் வச்சிருந்தீங்க, செகரட்டரி," என்றார் சாரங்கபாணி. "எனக்கு மிச்சம் கொஞ்சந்தான் இருக்கு."

நல்லதம்பி கதவைத் தாமே மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அம்மாள் பேசினார். தங்கள் ஊர் ஏரியில் எருமையோடு எருமையாகக் கிடந்ததைப் பேசினார். தாம் விஷம் கலந்த வீடுகளை எண்ணிச் சிரித்தார். நீங்க மெல்றப்போ தாடை கடக்கு கடக்குன்னு சத்தம் போடுது, இம்மாங் காலமா யாருனா சொன்னாங்களா என்று கணவரைக் கேட்டார். பைரவி பிறந்தபோது தாலாட்ட வாய் வந்தும், மறுநாள் ஒரு பெரிய படம் இருந்ததால், தொட்டிற்கயிற்றை மட்டும் ஆட்டியதையும் பேசினார். பைரவி வந்து ஒருநாள் முழுவதும் தகப்பனாரின் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன கேட்டாள் என்று அவள் சொல்லவுமில்லை, அவர் விசாரிக்கவுமில்லை. குமிழ் நாளுக்கு நாள் நகர்ந்தது. இரைச்சல் தூறலாக இருந்து அடைமழையாகி, அதன் நடுவே குரலைத் தேடிப் பிடிக்க இருவரும் மூச்சை அடக்கிக் குனிய வேண்டியதாயிற்று.

அவ்வாறு குனிந்திருந்த ஒரு பிற்பகலில் அவர், "இந்தப் பேச்ச இத்தன நாளா எங்க வச்சிருந்தம்மா?" என்று கேட்டார்.

"மொத மொத டப்பிங் டேட்டர்ல நொழஞ்சப்போ, ஊர்ப் பேச்ச செருப்போட வெளிய வுட்டுட்டு வாம்மான்னாங்க. வுட்டேன்."

"யாரு சொன்னா?"

"கண்ணாடிக்கு அந்தாண்ட இருந்து சொன்னீங்களே," என்றார் அம்மாள், ஊர்ச் செய்தி சொல்வது போல. "தப்பா ஒண்ணும் சொல்லலியே. தொழிலுக்குத்தான சொன்னீங்க."

சாரங்கபாணிக்கு அது நினைவில் இல்லை. வந்து நின்ற எல்லாப் பெண்களிடமும் அவர் அதைச் சொல்லியிருந்தார்.

கடைசிப் பிற்பகலில் குமிழ் அதன் எல்லையில் முட்டி நின்றது. அதற்கு மேல் திருக இடமில்லை. அம்மாள் மைக்கின் மேல் உதடு படும்படி நெருங்கி அமர்ந்திருந்தார். வெகுநேரம் இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை. பிறகு, பெருமழைக்குள் யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு நடப்பது போல, ஒரு வரி வந்தது.

"ஏங்க, மழ பேயுதா, இல்ல இது பொட்டி சத்தமா?"

துணி காய்கிறதே என்ற கவலை அந்தக் குரலில் இருந்தது. சாரங்கபாணி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து, ஜன்னல் கம்பளியை விலக்கிப் பார்த்தார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, ஹெட்போனை மாட்டி, "மழையில்லம்மா, பொட்டிதான்," என்றார். அம்மாளின் உதடுகள் அதற்கு ஏதோ சொல்லின. அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்போனை இரு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டார். உதடுகள் திரும்பவும் சொல்லின. உமி கொட்டிக்கொண்டே இருந்தது.

கொஞ்சம் பொறுத்து, அம்மாள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, அவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, மைக் கம்பியை உருவி வால்வுப் பெட்டிப் பக்கம் கையை நீட்டினார். சாரங்கபாணி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்றார். கம்பியை வாங்கிப் பச்சைப் பெட்டியிலேயே திரும்பச் செருகி, தம் நாற்காலியை மேசைக்கு அந்தப் பக்கமிருந்து தூக்கிவந்து மனைவியின் பக்கத்தில் போட்டு, அந்த உதடுகள் எப்படி அசைகின்றன என்பதை முதற்பாடம் படிப்பவரைப் போல உற்றுப் பார்க்கத் தொடங்கினார். மற்றப் பெட்டிகளையெல்லாம் மாலையில் ராயப்பன் வந்து எடுத்துப் போனார். எதை வைத்துக்கொண்டாய் என்று கேட்டு, இவர் பச்சைப் பெட்டியைக் காட்டியதும், ஹெட்போனை ஒரு காதில் வைத்துப் பார்த்து, இதில் ஒன்றுமே வரவில்லையே என்றார். இதுதான் பொருத்தம் என்றார் சாரங்கபாணி. இவ்வண்ணம், குமுதவல்லி அம்மாளின் குரலுக்கு எந்த ப்ரீஆம்ப் என்ற கேள்வி தீர்ந்த நாள், இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் இருபத்திரண்டாம் தேதி, ஆவணி மாதத்து முதல் வியாழக்கிழமை.